மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

அந்தத் தெருவில் யாருக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது, யாருக்குத் தொப்பை போட்டுவிட்டது, யார் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார் என்பதெல்லாம் இஸ்திரிக்காரருக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்து என்ன, வாயைத் திறக்க மாட்டார். அந்த வீட்டில் பேச்சு முழுக்க அவர் மனைவியுடையது. பின்னால் துணி அலசியபடியே முன்னறையில் இருப்பவரோடு பேசுவாள். குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

முன்னறைதான் கடை. ஏழடி நீள மேசை, அதன்மேல் இரண்டு மடிப்புக் கம்பளி, அதன்மேல் வெள்ளை விரிப்பு. அந்த விரிப்பில் ஒரு பொட்டுக் கறை இருந்து யாரும் பார்த்ததில்லை. சுவருக்குச் சுவர் ஒரு இரும்புக் கம்பி. தேய்த்த துணிகள் அதில் வரிசையாகத் தொங்கும். நாலரைக் கிலோ இஸ்திரிப்பெட்டி ஒன்று. சூட்டைத் திருகும் வட்டத்தில் எழுத்தெல்லாம் அழிந்து பல வருடம் ஆகிறது. விரலை நாக்கில் தொட்டு, பெட்டியின் அடியில் ஒரு தட்டுத் தட்டுவார். வரும் சத்தத்தை வைத்து இது பருத்திக்கு, இது பட்டுக்கு என்று சொல்லிவிடுவார்.

மேசையிலிருந்து மூன்றடி தள்ளித் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அதுவும் அவர் போட்டதுதான். மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, அவர் திரும்பிய ஒரு நொடியில் ஓடிவந்து பெட்டியில் கையை வைத்துவிட்டாள். இடது முழங்கைக்குக் கீழே பெட்டியின் கூர்முனை அச்சாகப் பதிந்தது. அன்று சாயங்காலமே பெயின்ட் வாங்கிவந்து கோடு போட்டார். "இதைத் தாண்டி நீ வரவே கூடாது. இந்தப் பெட்டி என்னோட போகட்டும்," என்றார். மகளுக்கு இப்போது பதிமூன்று வயது. ஒருநாளும் தாண்டியதில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பாள். அப்பனைப் போலவே வாய் கிடையாது.

மேயர் நடத்தும் ஓவியப் போட்டியைப் பற்றி முதலில் சொன்னது பஸ் டிரைவர்தான். காக்கிச் சட்டையை வாங்க வந்தவர், கையில் ஒரு நோட்டீஸை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, பாப்பா படம் போடுமே, இதைப் பாத்தீங்களா? பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு மட்டும். 'எங்கள் ஊரில் ஒரு நாள்'னு வரையணுமாம். வீட்டிலேயே வரைஞ்சு சனிக்கிழமை பத்து மணிக்குள்ள மாநகராட்சி மண்டபத்துல குடுக்கணும். நல்லா வரையிற பன்னெண்டு பேரை ஓவியப் பள்ளியில சேத்துக்கிறாங்க. வாரா வாரம் வகுப்பு. கலரு, பிரஷ்ஷு எல்லாம் அவங்க செலவு."

"மேயருக்கு எதுக்குய்யா திடீர்னு படத்து மேல ஆசை?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"தேர்தல் வருதுல்ல அக்கா."

"அப்படிச் சொல்லு. அவரு சட்டை வாரத்துக்குப் பதினெட்டு வருது நம்மகிட்ட. ஒரு மனுசன் நாளைக்கு மூணு சட்டை போடுறாரு. அவ்ளோ வேர்வை."

இஸ்திரிக்காரர் நோட்டீஸை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். கீழே விதிமுறைகள். முத்திரை குத்திய தாள் பிள்ளைக்கு இரண்டு தரப்படும். பெற்றோர் கை படக்கூடாது. கசங்கிய, சுருங்கிய தாள்கள் ஏற்றுக்கொள்ளப்படாது. இந்தக் கடைசி விதியில் அவர் கண் நின்றுவிட்டது.

"கசங்கக் கூடாதாம்," என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

முக்காலியிலிருந்த மகள் நோட்டீஸுக்குக் கையை நீட்டினாள். வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இப்படி ஒன்றை அவள் எத்தனை நாள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாளோ, யாருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் மழை. துணி காயவில்லை. வீடெங்கும் கொடி கட்டி, குனிந்து குனிந்து நடந்தார்கள். ஈரச் சட்டையைப் பெட்டியாலேயே காயவைக்க வேண்டியிருந்தது. அறை முழுக்க ஆவி. மகள் அதற்குள் உட்கார்ந்து வரைந்தாள். யாரையும் பார்க்க விடவில்லை. அம்மா எட்டிப் பார்த்தால் தாளைக் கவிழ்த்துவிடுவாள்.

"அப்படி என்னடி ராஜ ரகசியம்?"

"முடிச்சதும் காட்டுறேன்மா."

"முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கிழப்பருவம் வந்துடும்."

வெள்ளிக்கிழமை ராத்திரி முடித்துவிட்டு, தாளை அலமாரிமேல் கவிழ்த்து வைத்தாள். மழை ஈரம் சும்மா இருக்குமா? சனிக்கிழமை காலை ஏழரைக்கு இஸ்திரிக்காரர் பார்க்கும்போது தாள் நான்கு பக்கமும் சுருண்டு, நடுவில் அலை அலையாக எழும்பியிருந்தது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அவர் தாளை மெல்லத் திருப்பினார்.

திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

படத்தில் ஒரு ஆள்கூட இல்லை. அந்த இரும்புக் கம்பிதான் இருந்தது. கம்பியில் வரிசையாகச் சட்டைகள். தொங்கும் சட்டைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஆள். காக்கிச் சட்டை ஒரு தோளைச் சாய்த்து நின்றது, டிரைவர் நிற்பதைப் போலவே. மேலிருந்து மூன்றாவது பட்டன் இல்லை. ராத்திரி வேலை பார்த்துத் திரும்பும் நர்ஸம்மாவின் வெள்ளைக் கோட்டு களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தது. வேலை போனவரின் நீலச் சட்டை, விறைப்பாக, யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று நின்றது. மேயரின் வெள்ளைச் சட்டைக் கையில் இரண்டு மடிப்புக் கோடு. இஸ்திரிக்காரர் ஒரே கோடுதான் போட்டு அனுப்புவார். மூட்டை திரும்பி வரும்போது இரண்டாக இருக்கும். எந்தப் புண்ணியவான் வேலை அது என்று அவர் மனதுக்குள் திட்டாத நாளில்லை. அதைக்கூட இந்தப் பிள்ளை பார்த்திருக்கிறாள். வரிசையின் கடைசியில் ஒரு பழைய பனியன், தோள்பட்டையில் கிழிசல். அது அவருடையது.

'ஊரையே கூட்டிக்கொண்டுவந்து நம்ம கம்பியில நிறுத்திட்டாளே,' என்று நினைத்தார். இருபது வருடமாக அவர் தேய்க்கும் துணிகள்தான். அவர் மடிப்பைத்தான் பார்த்திருக்கிறார். மனுசரை அவள் பார்த்திருக்கிறாள்.

இப்பேர்ப்பட்ட படம் கசங்கியிருக்கிறது என்று யாராவது திருப்பி அனுப்பினால்? அதுவும் ஒரு இஸ்திரிக்காரன் வீட்டிலிருந்து போனதை? அவருக்குச் சுருக்கென்றது. பெட்டியின் சுவிட்சைப் போட்டார். விரலால் தட்டினார். பட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். வெள்ளை விரிப்பில் படத்தைக் கவிழ்த்துவைத்து, தாளின் முதுகில் ஒரே சீராக, மூலையிலிருந்து மூலைக்குத் தேய்த்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் தேய்த்ததில்லை.

தாள் பலகை போல நிமிர்ந்தது. திருப்தியோடு எடுத்துத் திருப்பினார்.

வரிசை முழுக்கக் கரைந்திருந்தது. காக்கி நீலத்துக்குள் ஓடி, நீலம் வெள்ளைக்குள் வழிந்து, கம்பி காணாமல் போயிருந்தது. பாதி நிறம் விரிப்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அடியே!" என்று அவர் போட்ட சத்தத்தில் மனைவி சோப்புக் கையோடு ஓடிவந்தாள். பார்த்தாள். விரிப்பையும் பார்த்தாள்.

"என்னங்க பண்ணினீங்க?"

"கசங்கியிருந்துச்சு..."

"கிரேயான்னா மெழுகுங்க! போன மாசம் மேசை விரிப்புல மெழுகுவத்தி வழிஞ்சிருக்குன்னு ஒருத்தி குடுத்தாளே, பேப்பரை வச்சுத் தேய்ச்சு நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க?"

"சாக்பீஸ் மாதிரின்னு நெனச்சுட்டேன்."

மகள் ஈரத் தலையோடு வந்து மஞ்சள் கோட்டில் நின்றாள். அவர் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், சின்னப் பிள்ளை மாதிரி. பிறகு, மறைத்து என்ன ஆகப் போகிறது என்று நீட்டினார்.

"கண்ணு, அப்பா கெடுத்துட்டேன். நல்லாப் போகட்டும்னுதான்... என் கையை வெட்டிப் போட்டாலும் தகும்."

அவள் அழுவாள் என்று இருவரும் நின்றார்கள். அவள் தாளை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். கண் நிரம்பியது. ஆனால் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவின் கோட்டு இருந்த இடம். அங்கே வெள்ளையும் சாம்பலும் சேர்ந்து உருகி, துணி நிஜமாகவே ஈரத்தில் நனைந்து காற்றில் அசைவதுபோல நரம்பு நரம்பாக மடிப்பு விழுந்திருந்தது. மூன்று வாரம் தேய்த்துத் தேய்த்து அவளுக்கு வராத மடிப்பு.

"அப்பா, எவ்ளோ சூடு வச்சீங்க?"

"ஆங்?"

"எவ்ளோ சூடு? பட்டுச் சூடா?"

"பட்டுக்குக் கொஞ்சம் மேல."

"இன்னொரு தாள் இருக்கு," என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு. "பெட்டியை நான் எடுக்கணும்."

"நீ சொல்லு, அப்பா தேய்க்கிறேன். எங்க தொடணும்னு காட்டு."

"பெத்தவங்க கை படக்கூடாதுப்பா."

"யாரு பாக்கப் போறா?" என்றாள் அம்மா.

"நான் பாக்குறேன்ல," என்றாள் மகள்.

இஸ்திரிக்காரர் அவள் இடது கையைப் பார்த்தார். அந்தக் கூர்முனைத் தழும்பு இப்போது வெளுத்து, கையோடு சேர்ந்து வளர்ந்திருந்தது. ஒன்பது வருடம் அவர் காத்த கோடு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். கெடுத்தவன் வாய்க்கு அதைச் சொல்ல என்ன உரிமை? பெட்டியை மேசையில் நிறுத்திவைத்துவிட்டு, நாலடி பின்னால் தள்ளிப் போனார். அவர் கால் மஞ்சள் கோட்டைத் தாண்டியது. அவள் முன்னால் வந்தாள். போகிறபோது இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கினார்கள்.

அவள் விரலை நாக்கில் தொட்டு, பெட்டியின் அடியில் தட்டினாள்.

அவர் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அதே தட்டு. அதே போலத் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள். "ஜாஸ்தி," என்று தனக்குத்தானே சொல்லி, வட்டத்தைக் கொஞ்சம் திருகினாள். மறுபடி தட்டினாள்.

பிறகு அவள் செய்ததைப் பார்த்து அவருக்கு நெஞ்சு பதறியது. பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, அவர் கண்ணாடிபோல் வைத்திருந்த அடித்தகட்டில் கிரேயானைப் போட்டுத் தேய்த்தாள்! வேறு யாராவது செய்திருந்தால் அடித்தே இருப்பார். நிறம் உருகிப் பளபளவென்று நின்றது. பெட்டியைத் திருப்பித் தாளில் வைத்து, மணிக்கட்டை ஒடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். சட்டை வந்தது. இழுத்த இடத்தில் தோள், தூக்கிய இடத்தில் மடிப்பு. தானாக விழுந்தது. முனையால் லேசாகத் தொட்டாள், காலர் வந்தது. ஓரத்தால் ஒரு கீறல், கம்பி வந்தது. பட்டன்களை ஊசியால் சுரண்டினாள். காக்கிச் சட்டையில் மூன்றாவதை மறக்காமல் விட்டாள்.

"ஏங்க," என்று மனைவி கிசுகிசுத்தாள், "இவ எப்பங்க இதெல்லாம்..."

"பேசாத."

"கை நடுங்கவே இல்லையே!"

"பேசாதன்னேன்ல."

அவர் கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பேசாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளும் பேசவில்லை. இருவரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தக் குட்டி முக்காலியை ஒட்டி நின்று, தங்கள் வயிற்றில் பிறந்ததை யாரோ பெரிய மனுசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு டிரைவர் தன் பஸ்ஸிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டுபோய் மாநகராட்சி வாசலில் இறக்கினார். பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தாளைக் கொடுத்தார்கள். மண்டபத்துக்குள் இருநூறு படங்கள் இருக்கும். பாலம், பள்ளிக்கூடம், பூங்கா, கொடியேற்றும் மேயர், சிரிக்கும் மேயர், செடி நடும் மேயர். தரையில் வெள்ளை நாடா ஒட்டி, பெற்றோரை அதற்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

ஓவியப் பள்ளியிலிருந்து வந்திருந்த அம்மா, கயிறு கட்டிய கண்ணாடியை மூக்கில் ஏற்றியபடி ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தார். சட்டைகளின் முன்னால் வந்ததும் நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு மேயரைக் கூப்பிட்டார். இருவரும் தணிந்த குரலில் ஏதோ பேசினார்கள். மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தப் படம் யாரோடது?"

மகள் முன்னால் போனாள்.

கண்ணாடிக்கார அம்மா கேட்டார். "பொய் சொல்லக்கூடாது கண்ணா. இதை எதால பண்ணினே?"

"இஸ்திரிப்பெட்டியாலங்க."

கூட்டத்தில் சிரிப்பு. "அப்பா என்ன வேலை?" என்றார் மேயர்.

"இஸ்திரி போடுறவருங்க. உங்க சட்டையும் அவருதான்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. மேயர் தன் கைமடிப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கண்ணாடிக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"பாருங்க, இவ்ளோ சுத்தமா ஒரு குழந்தை கை பெட்டியைப் பிடிக்காது. பெரியவங்க கை பட்டிருந்தா நாங்க விலக்கித்தான் வைக்கணும். மத்தப் பிள்ளைகளுக்கு அதுதான் நியாயம்."

இஸ்திரிக்காரருக்குக் காதில் ரத்தம் ஏறியது. நாடாவுக்குப் பின்னாலிருந்தே கத்தினார். "நான் தொடலீங்க! சத்தியமாத் தொடலை. நான் கெடுத்தது வேற படம். அது வீட்ல இருக்கு. பெட்டியைத் தொட அவளை நான் விட்டதே இல்லீங்க, இன்னைக்குத்தான்..." சொல்லச் சொல்ல, தான் சொல்வது எவ்வளவு நம்ப முடியாததாக இருக்கிறது என்று அவருக்கே புரிந்தது. காலையில் முதல்முறை பெட்டி எடுத்த பிள்ளையா இதைச் செய்தது? யார் நம்புவார்கள்? ஒரே நாளில் இரண்டு தடவை அவள் படத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நொறுங்கிப்போனார்.

"இங்க ஒரு பெட்டி கிடைச்சா இப்பவே பண்ணுவேன்," என்றாள் மகள்.

மேயரின் உதவியாளர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "ஐயா ரூம்ல ஒண்ணு இருக்கு. சட்டை மாத்துறப்ப நான்தான் கையில ஒரு தடவை..."

"அந்த ரெண்டாவது கோடு நீதானா!" என்றார் இஸ்திரிக்காரர் தன்னை மறந்து. மனைவி அவர் விலாவில் இடித்தாள்.

பெட்டி வந்தது, கூடவே ஒரு வெற்றுத் தாளும். புதுசு, பொம்மைபோல லேசு. அடியில் ஆவி வரும் ஓட்டைகள். இஸ்திரிக்காரர் பார்த்தவுடன் கண்டுகொண்டார், உள்ளே தண்ணீர் நிற்கிறது. சூடேறியதும் ஆவி பீறிடும். மெழுகும் தாளும் நாசம். சொல்ல வாய் வந்துவிட்டது. சொன்னால் அவர் உதவியதாக ஆகிவிடும். பல்லைக் கடித்து, மனைவியின் கையைப் பிடித்து நெரித்தார்.

மகள் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். மூடியைத் திறந்து, பக்கத்திலிருந்த செடித்தொட்டியில் தண்ணீரைக் கொட்டினாள். பிளக்கைச் செருகி, அடியை ஒரு துணியில் நாலு தடவை இழுத்து ஓட்டைகளைக் காயவைத்தாள். விரலை நாக்கில் தொட்டாள். தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

இஸ்திரிக்காரர் தன் தலையும் அதே பக்கம் சாய்ந்திருப்பதை உணர்ந்தார்.

"ஜாஸ்தி," என்றாள் அவள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேயர் காத்திருந்தார். கண்ணாடிக்கார அம்மா காத்திருந்தார். இருநூறு பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் காத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய மண்டபமே ஒரு பெட்டியின் சூடு தணியக் காத்திருந்தது. பிறகு அவள் தன் பையிலிருந்து வெள்ளைக் கிரேயானையும் சாம்பலையும் எடுத்து அடியில் தேய்த்து, தாளில் வைத்து, மணிக்கட்டை ஒடித்து ஒரே இழுப்பு.

ஒரு வெள்ளைச் சட்டை. வேர்வையில் முதுகோடு ஒட்டிய மாதிரி, ஆனாலும் நிமிர்ந்து நிற்கிற சட்டை. அந்தச் சட்டையின் கையில் ஊசியால் இரண்டு கோடு கீறினாள்.

யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. கண்ணாடிக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தத் தாளின் அருகே முகத்தைக் கொண்டுபோனார். "அம்மாடி," என்றார் மெதுவாக. "யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்லீங்க. தூரத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தேன்."

நாடாவுக்குப் பின்னால் இஸ்திரிக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவருக்கு அதில் வெட்கமே இல்லை.

முதல் பரிசு பாலம் வரைந்த பையனுக்குப் போனது. நல்ல பாலம்தான், குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு பேர் பட்டியலில் ஏழாவதாக மகளின் எண்ணை வாசித்தார்கள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வகுப்பு.

திங்கட்கிழமை டிரைவர் சட்டைக்கு வந்தார். மேசையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன அண்ணே, உங்க விரிப்புலயே கறையா? ஊரான் கறையெல்லாம் எடுக்குற ஆளு!"

வெள்ளை விரிப்பின் நடுவில், இடம் வலம் மாறி, பனிக்குள் தெரிவதுபோல மங்கலாக ஒரு வரிசை நின்றது. டிரைவர் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் சட்டையின் மூன்றாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் தடவிக்கொண்டார்.

"அண்ணே... இது நானா?"

"நீதான்."

"யாரு போட்டது?"

"எம் பொண்ணு போட்டது. நான் கெடுத்தது."

"வெந்நி கொதிச்சிடுச்சுங்க!" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அந்த விரிப்பை உருவிக் குடுங்க, ஊறப் போடணும். மூணு நாளாச் சொல்றேன்!"

இஸ்திரிக்காரர் விரிப்பின் அந்தப் பகுதியை நீவி நேராக்கினார். டிரைவரின் சட்டையை எடுத்து, மேசையின் அந்த ஓரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வெள்ளையாக இரண்டடி இடம் மிச்சமிருந்தது.

"இருக்கட்டும்," என்றார். "எனக்கு இந்த இடம் போதும்."